எண்ணூர்ச் சேற்றில் நரம்பு நஞ்சு இருக்கிறதா? நூற்புழுவைக் கொண்டு சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கத்தில் விலங்கியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது, பேச்சு மணலிக்கும் எண்ணூருக்கும் வராமல் இருக்காது. வீட்டு வாசலில் இருக்கும் பிரச்சினை அது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் அங்கே பரவியது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்செனிக், மாங்கனீசு, குரோமியம் போன்றவை இருப்பது தெரிந்த செய்தி. மீன் செத்ததா பிழைத்ததா என்று பார்க்கும் சோதனைகளை மாணவர்கள் நிறையவே செய்கிறார்கள். ஆனால் ஈயமும் மாங்கனீசும் செய்யும் கேடு பெரும்பாலும் சாவுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஈயம் குழந்தையின் கற்கும் திறனைக் குறைக்கிறது. மாங்கனீசுத் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குப் பார்க்கின்சன் நோயைப் போன்ற தள்ளாட்டமும் விறைப்பும் வருகின்றன. உயிரோடு இருக்கும் ஒன்றின் நரம்பைத்தான் நாம் சோதிக்க வேண்டும்.

அதற்கு ஒரு சாதாரண கல்லூரி ஆய்வகத்தில் கையாளக்கூடிய உயிர், கேனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழு. இனி சி. எலிகன்ஸ் என்றே எழுதுகிறேன். தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புழு மெதுவாக நகர்வதைப் பார்த்தவுடன் அதன் நரம்பு கெட்டுவிட்டது என்று எழுத முடியாது. உப்பு, அமிலத்தன்மை, பசி, வெப்பம், தசைக் கேடு என எதனாலும் அது மெதுவாகும். இவை ஒவ்வொன்றையும் விலக்கிக் காட்டிய பிறகே ‘நரம்பு நச்சுத்தன்மை’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு வருகிறது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த உரிமையைச் சம்பாதிப்பதற்காகவே இருக்கின்றன.

ஏன் இந்தப் புழு, எதற்கு இது உதவாது

முதிர்ந்த புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். உடல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். பெரும்பாலான புழுக்கள் இருபாலிகள். தாமே கருவுற்று ஏறக்குறைய 300 முட்டைகள் இடும். 20 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முதிர்நிலைக்கு வர மூன்றரை நாள் போதும். சிட்னி பிரென்னர் 1963-இல் இதை நரம்பு மண்டல ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். இருபாலிப் புழுவில் இருப்பவை மொத்தம் 302 நரம்புச் செல்கள். எது எதோடு இணைகிறது என்ற முழு வரைபடம் 1986-இல் வெளியானது. அசெட்டைல்கோலின், டோபமைன், செரடோனின், காபா, குளூட்டமேட் என்று நம் மூளை பயன்படுத்தும் அதே தூதுப் பொருட்களை இந்தப் புழுவும் பயன்படுத்துகிறது. டோபமைன் சுரக்கும் செல்கள் இருபாலியில் எட்டே எட்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றை எண்ண முடியும். எலியின் மூளையில் இது நடக்காத காரியம்.

எல்லைகளையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தப் புழுவிடம் மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் வாயில்கள் இல்லை. நம் வீடுகளில் இரவு முழுவதும் எரியும் கொசுவிரட்டிகளில் இருக்கும் பைரித்ராய்டுகள் பூச்சியைத் தாக்குவது அந்த வாயில்கள் வழியாகத்தான். ஆகவே கொசுவிரட்டியைப் புழுவில் சோதித்து ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதினால், அந்த முடிவுக்குப் பொருளே கிடையாது. நரம்பைச் சுற்றிய மயலின் உறையும் இதற்கு இல்லை. நமக்கு இருப்பதுபோன்ற இரத்த-மூளைத் தடுப்பும் இல்லை. வெளித்தோல் தடிமனானது என்பதால் பல பொருட்கள் எளிதில் உள்ளே போகாது. புழுவுக்குக் கொடுத்த செறிவை மனிதர் குடிக்கும் நீரின் வரம்போடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. உலோகங்கள், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றுக்கு இந்தப் புழு நல்ல சாட்சி. வேறு பொருளை எடுத்தால், அது தாக்கும் இலக்கு புழுவில் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

நேராகச் சேற்றை அள்ளிவந்து தொடங்க வேண்டாம். முதலில் விளைவு நன்கு தெரிந்த ஒரே பொருளை எடுங்கள். என் பரிந்துரை மாங்கனீசு குளோரைடு. அது டோபமைன் செல்களைக் கெடுப்பதைப் பல ஆய்வகங்கள் இந்தப் புழுவில் காட்டியிருக்கின்றன. மனிதச் செல்லுக்குள் மாங்கனீசைக் கொண்டுசெல்லும் கடத்திப் புரதத்தின் உறவுகள் மூன்று புழுவிலும் உண்டு. உங்கள் கையில் மாங்கனீசு எதிர்பார்த்த விளைவைக் காட்டினால்தான் பிறகு எண்ணூர்ச் சேற்றைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்ப முடியும்.

படி 2: சென்னை வெப்பத்தை வெளியே நிறுத்துங்கள்

புழுவுக்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 25 டிகிரி வரை. அதற்கு மேலே போனால் முட்டைகள் குறையும். 27 டிகிரியில் ஏறக்குறைய மலடாகிவிடும். மே மாதத்து வடசென்னையில் மேசைமேல் வைத்த தட்டில் எந்தச் சோதனையும் செல்லாது. சூடு மட்டும் தரும் சாதாரண இன்குபேட்டர் போதாது. குளிரவும் வைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். நீர் மாசு ஆய்வுக்காகப் பல கல்லூரிகளில் அது ஏற்கெனவே இருக்கும். 20 டிகிரியில் வையுங்கள். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி போட்டு, காலையும் மாலையும் குறித்து வாருங்கள். மின்சாரம் நீண்ட நேரம் நின்ற நாளில் வளர்ந்த தட்டுகளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். வெப்ப அதிர்ச்சி பட்ட புழு நஞ்சுக்குத் தரும் பதிலே மாறிவிடும்.

மற்றவை பெரிய செலவு இல்லாதவை. ஸ்டீரியோ நுண்ணோக்கி, ஆட்டோகிளேவ், சிறு சென்ட்ரிஃபியூஜ், பெட்ரி தட்டுகள் ஆகியவை நுண்ணுயிரியல் ஆய்வகத்திலேயே கிடைக்கும். புழுவை எடுக்க, மெல்லிய பிளாட்டினம் கம்பியின் நுனியைத் தட்டையாக்கிக் கண்ணாடிக் குழாயில் பதித்துக்கொள்ளுங்கள். தொடு சோதனைக்குப் பல்குச்சியின் நுனியில் ஒரு புருவ முடியை ஒட்டினால் போதும்.

புழுவை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள சேமிப்பு மையம் உலகம் முழுவதும் அனுப்புகிறது. அதைவிட எளிது, இந்தப் புழுவில் வேலைசெய்யும் இந்திய ஆய்வகம் ஒன்றை உங்கள் பேராசிரியர் வழியாக அணுகுவது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பசியில் இருக்கும் இளம்புழுக்கள் வாரக்கணக்கில் தாங்கும் என்பதால் ஒட்டிய தட்டு கூரியரில் வந்தாலும் உயிரோடு இருக்கும். இயல்பு வகைக்கு என்2 என்று பெயர். டோபமைன் செல்கள் பச்சையாக ஒளிரும் வகைகளில் பிஇசட்555 பரவலாகப் பயன்படுகிறது. அது மரபணு மாற்றப்பட்ட உயிர். உங்கள் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகே வரவழையுங்கள்.

படி 3: தட்டும் தீனியும்

ஒரு லிட்டர் வளர்ப்பு அகாருக்குச் சாப்பாட்டு உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5 கிராம், அகார் 17 கிராம், தண்ணீர் 975 மில்லி. சாப்பாட்டு உப்பு என்றாலும் அயோடின் கலந்த பாக்கெட்டை எடுக்காதீர்கள். ஆய்வகத் தர சோடியம் குளோரைடு வேண்டும். ஆட்டோகிளேவ் செய்து 55 டிகிரிக்கு ஆறியதும், கிருமி நீக்கிய ஒரு மோலார் கால்சியம் குளோரைடு 1 மில்லி, ஒரு மோலார் மக்னீசியம் சல்பேட் 1 மில்லி, எத்தனாலில் கரைத்த கொலஸ்ட்ரால் (மில்லிக்கு 5 மில்லிகிராம்) 1 மில்லி, pH 6 உள்ள ஒரு மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் கரைசல் 25 மில்லி சேருங்கள். புழுவால் கொலஸ்ட்ராலைத் தானே உருவாக்க முடியாது. அதை மறந்தால் சில தலைமுறைகளில் வளர்ப்பு நலிந்துவிடும்.

தீனி, ஓ.பி.50 என்ற ஈ. கோலை வகை. அது மெல்லிய படலமாகவே வளரும் என்பதால் புழு தெளிவாகத் தெரியும். தட்டின் நடுவில் சில துளிகள் விட்டு, ஓர் இரவு வளரவிட்டுப் பிறகு புழுவை மாற்றுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை தட்டுகளைப் பிடிக்கும். ஊற்றிய தட்டுகளை இரண்டு நாள் கவிழ்த்து வைத்துக் கவனித்த பிறகே பயன்படுத்துவது நல்லது.

படி 4: எல்லாப் புழுவையும் ஒரே வயதுக்குக் கொண்டுவாருங்கள்

வயது கலந்த கூட்டத்தில் எந்த எண்ணும் நிற்காது. முட்டை நிறைந்த முதிர்புழுக்களைத் தண்ணீரால் கழுவி ஒரு குழாயில் 3.5 மில்லி வரும்படி சேருங்கள். ஐந்து நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மில்லியும் புதிய ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசல் 1 மில்லியும் கலந்து அதில் ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நன்றாகக் குலுக்கி, ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். உடல்கள் கரைந்து முட்டைகள் மட்டும் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் முட்டையும் வெந்துபோகும். சென்ட்ரிஃபியூஜ் செய்து மூன்று முறை கழுவி, தீனி இல்லாத கரைசலில் ஓர் இரவு விட்டால், பொரித்த இளம்புழுக்கள் எல்லாம் முதல் இளம்நிலையிலேயே நின்றிருக்கும். தீனித் தட்டில் போட்டால் ஒன்றாக வளரத் தொடங்கும். 20 டிகிரியில் நான்காம் இளம்நிலைக்கு ஏறக்குறைய இரண்டு நாள், முட்டையிடும் நிலைக்கு மூன்று நாள்.

படி 5: நஞ்சைக் கொடுக்கும் கரைசல்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. புழு ஆய்வகங்களில் எல்லாவற்றுக்கும் எம்9 என்ற கரைசலை எடுப்பது பழக்கம். அதில் பாஸ்பேட் நிறைய இருக்கிறது. அதில் ஈயத்தைக் கரைத்தால் ஈய பாஸ்பேட்டாக அடியில் படிந்துவிடும். நீங்கள் எழுதிவைத்த செறிவு புழுவைத் தொட்டிருக்கவே இருக்காது. வளர்ப்புத் தட்டிலும் பாஸ்பேட் இருப்பதால் அதில் உலோகத்தைக் கலப்பதற்கும் இதே ஆபத்து உண்டு. நச்சுச் சோதனைக்குக் கே-ஊடகத்தைப் பயன்படுத்துங்கள்: லிட்டருக்குப் பொட்டாசியம் குளோரைடு 2.36 கிராம், சோடியம் குளோரைடு 3 கிராம். கழுவுவதற்கும் அதுவே.

மாங்கனீசு குளோரைடு (நான்கு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தது) 19.8 கிராமை 100 மில்லியில் கரைத்தால் ஒரு மோலார் இருப்புக் கரைசல். அதிலிருந்து 0.01, 0.1, 1, 10, 100 மில்லிமோலார் என்று பத்து மடங்கு இடைவெளியில் முதல் சுற்று செய்யுங்கள். ஒவ்வொரு செறிவின் pH-ஐயும் அளந்து சரிசெய்யுங்கள். உலோக உப்புகள் பல கரைசலை அமிலமாக்கும். அதனால் வரும் தளர்ச்சியை உலோகத்தின் தலையில் போடக் கூடாது. 100 மில்லிமோலாரில் உப்பின் சுமையே கூடிவிடும் என்பதால், அதற்கு மாங்கனீசுக்குப் பதிலாகச் சமமான மக்னீசியம் குளோரைடு சேர்த்த ஒப்பீட்டுக் குழு ஒன்றும் வேண்டும்.

24 மணி நேரச் சோதனை என்றால் தீனி இல்லாமல் விட முடியாது. பசியே நடத்தையை மாற்றிவிடும். உயிருள்ள பாக்டீரியாவைப் போட்டால் அது நஞ்சை உறிஞ்சலாம், உருமாற்றலாம், தானே சாகலாம். வெப்பத்தால் கொன்ற பாக்டீரியாவை எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவில் கொடுப்பது பாதுகாப்பான வழி. நீரில் கரையாத பொருளுக்கு டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைப் பயன்படுத்தினால் 0.5 சதவீதத்துக்குள் வையுங்கள். ஒப்பீட்டுக் குழுவிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

முதல் சுற்றில் பார்க்க வேண்டியது சாவு மட்டுமே. பிளாட்டினம் கம்பியால் மெல்லத் தொட்டும் அசையாத புழு செத்தது. பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவைக் கணக்கிட்டுவிட்டு, அதிலிருந்து நன்றாகக் கீழே இறங்குங்கள். சாவும் உடல் நீளமும் ஒப்பீட்டுக் குழுவோடு ஒத்திருக்கும் செறிவுகளில்தான் நரம்புச் சோதனை நடக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் புழுவில் எல்லா நரம்பும் பழுதாகவே தெரியும்.

படி 6: நடத்தையைப் படியுங்கள்

எண்ணும் வேலையைத் தொடங்கும் முன் தட்டுகளின் பெயர்களை மறையுங்கள். வேறொருவர் எண் இட்டுக் குலுக்கிக் கொடுக்கட்டும். எது எந்தக் குழு என்று தெரிந்து எண்ணுபவரின் கண் தன்னையறியாமல் ஒருபக்கம் சாயும்.

எளிய சோதனைகளை விரைவாகச் சொல்கிறேன். தீனியில்லாத தட்டில் 20 விநாடியில் உடல் எத்தனை முறை வளைகிறது என்று எண்ணுவது ஒன்று. ஒரு துளி கரைசலில் போட்டு, ஒரு நிமிடம் பழகவிட்டு, எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுவது இன்னொன்று. உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் மாறிமாறிப் புருவ முடியால் வருடி, எத்தனை முறை விலகுகிறது என்று பார்த்தால் தொடுவுணர்வு நரம்புகள் ஆறின் நிலை தெரியும். வாசனைச் சோதனையில் தட்டின் ஒருபுறம் புழுவை ஈர்க்கும் வாசனைப் பொருளான டைஅசெட்டைல், எதிர்ப்புறம் எத்தனால் மட்டும் வைக்க வேண்டும். வாசனைப் பக்கம் வந்தவற்றின் எண்ணிக்கையிலிருந்து எதிர்ப்பக்கம் போனவற்றைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் குறியெண் கிடைக்கும். ஒன்றுக்கு நெருங்கினால் மோப்பம் நன்றாக இருக்கிறது.

நான் மிகவும் மதிக்கும் சோதனை, தீனியில் தயங்குதல். இயல்பான புழு பாக்டீரியாப் படலத்துக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைக்கும். படலத்தின் தொடுவுணர்வை டோபமைன் செல்கள் உணர்வதால் வரும் மாற்றம் இது; டோபமைன் இல்லாத புழு தயங்காமல் போய்க்கொண்டே இருக்கும். இதன் அழகு எங்கே என்றால், நஞ்சால் பொதுவாகத் தளர்ந்த புழு தீனியுள்ள தட்டு, இல்லாத தட்டு இரண்டிலும் மெதுவாக இருக்கும். டோபமைன் மட்டும் கெட்ட புழு தீனியில் அதன் தோழர்களைவிட வேகமாகப் போகும். தளர்ச்சியால் ஒரு புழுவை வேகப்படுத்த முடியாது. மாங்கனீசில் இதைக் காட்டிவிட்டால் உங்கள் வாதம் பாதி வென்றுவிட்டது. தீனியுள்ள தட்டு, இல்லாத தட்டு இரண்டிலும் வளைவுகளை எண்ணி, குறைவின் சதவீதத்தை எழுதுங்கள்.

அடுத்து தசையை விலக்க வேண்டும். கால்நடைக்குக் குடற்புழு நீக்கத் தரும் லெவாமிசோல், புழுவின் தசையிலுள்ள அசெட்டைல்கோலின் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டி உடலை இறுக்கிவிடும். லெவாமிசோல் கலந்த அகாரில் நஞ்சூட்டிய புழுக்களையும் ஒப்பீட்டுப் புழுக்களையும் விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை அசையாமல் போயின என்று பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் இறுகினால் தசை நலமாகவே இருக்கிறது. பழுது அதற்கு முந்தைய இணைப்பில். இதற்குத் துணையாக ஆல்டிகார்ப் என்ற பொருளையும் பல ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. அது இந்தியாவில் விவசாயப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட, மனிதருக்குக் கொடிய நஞ்சான பூச்சிக்கொல்லி. இளங்கலை மாணவர் கையில் அதைக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன், லெவாமிசோலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 7: நரம்பைக் கண்ணால் பாருங்கள்

ஒளிரும் வகைப் புழுவை நஞ்சூட்டி, அகார் மெத்தையில் லெவாமிசோலால் அசையாமல் செய்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள். உங்கள் கல்லூரியில் அந்த நுண்ணோக்கி இல்லையென்றால் பெரிய பல்கலைக்கழகத்தில் அரைநாள் கேட்டு வாங்கலாம். டோபமைன் செல்கள் தலையில் நான்கு, சற்றுப் பின்னே இரண்டு, உடலின் பின்பாதியில் இரண்டு. தலையின் நான்கையே எடுத்துக்கொள்ளுங்கள். செல் இருக்கிறதா, நுனிவரை நீளும் இழை தொடர்ச்சியாக இருக்கிறதா, இடையில் முடிச்சுகள் விழுந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று வகைப்படுத்துங்கள். ஒளி மங்கியது மட்டும் செல் செத்ததற்குச் சான்றாகாது. ஒளிரும் புரதத்தின் உற்பத்தி குறைந்தாலும் மங்கும். இழையின் வடிவம் கெட்டிருப்பதும், தீனியில் தயங்காததும் ஒரே செறிவில் சேர்ந்து வந்தால் உறுதியாக எழுதலாம்.

படி 8: இப்போது எண்ணூர்ச் சேறு

வற்று நீரில்தான் சேறு வெளியே தெரியும். முகத்துவாரத்திலும் காட்டுக்குப்பத்திலும் வலை வீசும் மீனவர்களுக்கு எங்கே சாம்பல் படிந்திருக்கிறது, எங்கே கால் புதையும் என்பது அத்துப்படி. அவர்களைக் கேட்டு, அவர்களோடு போங்கள். என்ன சோதிக்கிறீர்கள் என்பதையும் முன்பே சொல்லுங்கள். முடிவு அவர்களுடைய பிழைப்பைப் பற்றியது. கையுறையும் முழங்கால் காலணியும் கட்டாயம். மேல் ஐந்து சென்டிமீட்டர் சேற்றை அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். எண்ணெய்ப் பொருட்களுக்குத் தனியாகக் கண்ணாடிக் குப்பி வேண்டும். ஒப்பீட்டுக்கு அதேபோன்ற உவர்ச் சேறு வேண்டும். பழவேற்காட்டில் ஆலைகளிலிருந்து தள்ளிய இடத்தில் எடுக்கலாம்.

ஒரு பங்கு சேற்றுக்கு நான்கு பங்கு கே-ஊடகம் சேர்த்து நன்றாகக் குலுக்கி, படியவிட்டு, மேல்நீரைச் சென்ட்ரிஃபியூஜ் செய்து எடுங்கள். உடனே மின்கடத்துத்திறன் மீட்டரை வையுங்கள். சி. எலிகன்ஸ் நிலத்துப் புழு. கே-ஊடகத்தில் லிட்டருக்கு 5.4 கிராம்தான் உப்பு, கடல்நீரிலோ 35 கிராம். கழிமுக நீரை அப்படியே ஊற்றினால் புழு சுருங்கிச் செயலிழந்துபோகும். அதைச் செய்தது வங்காள விரிகுடாவின் உப்பாகத்தான் இருக்கும். ஆகவே அதே கடத்துத்திறன் வரும்வரை கடலுப்பைச் சேர்த்த தூய கே-ஊடகக் குழு ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கருஞ்சேறு அழுகிய முட்டை வாடை அடித்தால் அதில் சல்ஃபைடு இருக்கிறது, அம்மோனியாவும் இருக்கக்கூடும். இரண்டும் புழுவைத் தனியாகவே தாக்கும். சாற்றுக்கு மெல்லக் காற்றூட்டி, அம்மோனியாவையும் pH-ஐயும் அளந்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு உலோகம்தானா என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு: சாற்றின் ஒரு பகுதியில் ஈ.டி.டி.ஏ. சேருங்கள். அது பல உலோகங்களைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கும். ஈ.டி.டி.ஏ. சேர்த்ததும் புழு தேறினால் குற்றவாளி பெரும்பாலும் உலோகம். தேறாவிட்டால் எண்ணெய்ப் பொருட்களையோ பூச்சிக்கொல்லியையோ தேட வேண்டும். ஈ.டி.டி.ஏ. மட்டும் போட்ட தூய ஊடகக் குழுவை மறக்காதீர்கள்.

வண்டல் சோதனைக்கு இந்தப் புழுவைப் பயன்படுத்த ஐ.எஸ்.ஓ. 10872 என்ற பன்னாட்டுத் தரமுறை இருக்கிறது. 96 மணி நேரத்தில் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் அளப்பது அது. நரம்பைப் பற்றி அது பேசாது. ஆனாலும் உங்கள் சேற்றை முதலில் அதன் வழியே செலுத்தினால், வளர்ச்சியைப் பாதிக்காத செறிவு எது என்பது தெரிந்துவிடும்.

படி 9: எண்கள், கழிவு, அறிக்கை

ஒரு தட்டில் 30 புழுக்களை எண்ணினால் உங்களுக்குக் கிடைத்தவை 30 தரவுகள் அல்ல. ஒரே தட்டில் ஒன்றாக நஞ்சூண்டவை அவை. புள்ளியியலுக்கு அந்தத் தட்டே ஒரு தரவு. குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு கூட்டப் புழுக்களோடு முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். அடுக்கடுக்கான செறிவுகளில் விளைவும் படிப்படியாகக் கூடுகிறதா என்று வரைந்து பார்ப்பது எந்தக் கணக்கீட்டையும்விட முதலில் வர வேண்டும்.

உலோகக் கரைசலை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். அது பக்கிங்காம் கால்வாய் வழியாக நீங்கள் ஆராயும் இடத்துக்கே போய்ச் சேரக்கூடும். பெயர் எழுதிய கேனில் சேர்த்து, நச்சுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். புழுத் தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

அறிக்கையில் ‘எண்ணூர்ச் சேறு மக்களின் நரம்பைப் பாதிக்கிறது’ என்று எழுத இந்தச் சோதனை இடம் தராது. ‘இந்த இடத்தில், இந்தத் தேதியில் எடுத்த சேற்றின் சாறு, அதே உப்புள்ள நீரோடு ஒப்பிடும்போது, வளர்ச்சியைப் பாதிக்காத செறிவில் புழுவின் டோபமைன் சார்ந்த நடத்தையைக் குறைத்தது, ஈ.டி.டி.ஏ. சேர்த்தபோது அந்த விளைவு மறைந்தது’ என்று எழுத முடியும். குப்பத்து மக்கள் ஒரு மனுவோடு இணைத்தாலும் எதிர்த்தரப்பால் அசைக்க முடியாத வாக்கியம் அது. அதே டப்பாவிலிருந்து ஒரு பகுதியை உலோக அளவீட்டுக்குத் தனியே அனுப்பி, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆற்றைக் கழுவி உப்பையும் சேற்றையும் மாற்றிவிடுவதால், ஒரே இடத்தில் ஆகஸ்டில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை என்று மாதிரி எடுக்கத் திட்டமிடுங்கள்.